பீரோவில் பூட்டி வைத்த மாத்திரை

தென் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு வயது 66. ஊரில் நாற்பது வருடம் மளிகைக் கடை நடத்தியவர். ஏழு மாதத்துக்கு முன் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. அப்போதே கல்லீரலுக்குப் பரவியிருந்தது. இரண்டு தடவை கீமோ கொடுத்ததில் உடம்பு தாங்கவில்லை. "இனி வீட்டில் வைத்து நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலிக்கு மார்ஃபின் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மூன்று வாரமாக அந்த அட்டை பிரிக்கப்படாமல் பீரோவில் இருக்கிறது. "அது போதை மருந்து, இங்கே அதைத் தின்றுதான் ஜனங்கள் சாகிறார்கள்" என்று அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் வீடியோ அனுப்பியிருக்கிறார். அதே அண்ணன், அங்கே வீட்டுக்கே வந்து கடைசிக் காலத்தில் பார்த்துக்கொள்ளும் ஹாஸ்பிஸ் நர்ஸ்கள் பேசும் வீடியோக்களையும் அனுப்புகிறார். மார்ஃபினுக்குப் பயந்து, அதைவிட வீரியம் குறைந்த வலி மருந்தான பழைய டிரமடால் மாத்திரையையே, வலி தாங்க முடியாமல் போகும்போது மட்டும் கொடுத்து வருகிறார்கள். இரவு இரண்டு மணிக்கு அப்பா தலையணையை வயிற்றோடு கட்டிக்கொண்டு, முன்னால் குனிந்தபடி உட்கார்ந்திருக்கிறார். மகள் அடுத்த அறையில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, கடைசி நாட்களில் மூச்சு எப்படி மாறும் என்ற வீடியோவைப் பத்தாவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அம்மா, "பட்டினி போட்டுக் கொல்கிறோம், ஒரு குளுக்கோஸாவது ஏற்றுங்கள்" என்று அழுகிறார். அப்பாவிடம் குடலில் புண் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். பெரியப்பா ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து, "ஏன் இழுத்துக்கிட்டுக் கெடக்கணும், இளநியைக் குடுத்துத் தலைக்கு ஊத்தி அனுப்பிரலாம்ல" என்று சொல்லியிருக்கிறார். ஹாஸ்பிஸில் சேர்த்தால் ஊர் என்ன சொல்லும், ஐ.சி.யூ. வேண்டாம் என்றால் போலீஸ் கேஸ் ஆகுமா என்றும் வாசகி கேட்கிறார்.

கடிதத்தின் கடைசி வரி இது: "இவ்வளவு வீடியோ பார்த்துவிட்டேன் டாக்டர். நாளைக்குக் காலையில் என்ன செய்வது என்று மட்டும் தெரியவில்லை."

அன்புள்ள சகோதரிக்கு,

நாளைக் காலையிலிருந்தே தொடங்குகிறேன். விடிந்ததும், மார்ஃபின் எழுதிக் கொடுத்த மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். "மாத்திரையை இன்னும் ஆரம்பிக்கவில்லை, பயந்துவிட்டோம்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள். நான் பார்க்கும் குடும்பங்களில் பாதிப் பேர் முதல் அட்டையை இப்படித்தான் பூட்டி வைக்கிறார்கள். அப்பாவுக்கு மஞ்சள் காமாலை இருக்கிறதா, சிறுநீர் எவ்வளவு போகிறது, கடைசியாக மலம் கழித்தது எப்போது என்ற மூன்றையும் அவர்களிடம் சொல்லுங்கள். அவர்களிடம் கேட்க வேண்டியவை நான்கு: எத்தனை மணிக்கு எவ்வளவு கொடுப்பது, நடுவில் வலி வந்தால் என்ன செய்வது, டிரமடாலை நிறுத்திவிடலாமா, மலச்சிக்கலுக்கு என்ன மருந்து. கடிதத்தை வைத்துக்கொண்டு நான் அளவு சொல்லக் கூடாது. கல்லீரலும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்பதைப் பொறுத்து அது ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்கார்கிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அது கணைய வலியின் உட்காருகை. மல்லாந்து படுத்தால் முதுகு வரை குத்தும், முன்னால் சாய்ந்தால் கொஞ்சம் குறையும். அந்த வலிக்கு டிரமடால் போதாது.

மார்ஃபினைப் பற்றிய பயம்

உங்கள் அண்ணன் அனுப்பிய வீடியோக்களில் இருப்பது பொய் இல்லை. அமெரிக்காவில் முதுகு வலிக்கும் சின்ன ஆபரேஷனுக்கும்கூட இந்த வகை மாத்திரைகளை வருஷக்கணக்கில் அள்ளிக் கொடுத்தார்கள். பலர் அடிமையானார்கள். பிறகு தெருவில் கள்ளத்தனமாக விற்கும் 'ஃபென்டனில்' என்ற கடும் போதை மருந்து வந்து ஏராளமான உயிர்களைக் குடித்தது. அது அந்த நாட்டின் பெரிய துயரம். ஆனால் அது உங்கள் வீட்டுக் கதை இல்லை. உங்கள் வீட்டில் இருப்பது, புற்றுநோய் வலிக்கு, அளவு பார்த்து, டாக்டர் மேற்பார்வையில் கொடுக்கும் மருந்து.

நம் நாட்டில் நடந்தது நேர்மாறான தவறு. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் மார்ஃபின் எடுக்க உதவும் அபினிச் செடியை அரசு உரிமம் பெற்றுப் பயிரிடுகிறார்கள். உலகத்துக்கு மருந்துச் சரக்கு கொடுத்த நாடு இது. ஆனால் 1985இல் வந்த போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடிக்குப் பயந்து ஆஸ்பத்திரிகள் மார்ஃபினை வாங்கி வைப்பதையே விட்டுவிட்டன. ஒரு தலைமுறை டாக்டர்கள் அதை எழுதிப் பழகாமலேயே படித்து முடித்தார்கள். கேரளத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் வருஷக்கணக்கில் போராடிய பிறகு 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின் உள்ளிட்ட சில மருந்துகளை 'அத்தியாவசிய' மருந்துகள் என்று பிரித்து, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையங்கள் வைத்துக்கொள்ள வழி செய்தார்கள். உங்கள் ஊர் மருந்துக் கடையில் அது கிடைக்காததற்கும், பெரிய ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பதற்கும் காரணம் இதுதான். கையெழுத்து வாங்கினார்கள் என்பதாலேயே அது விஷம் என்று நினைத்துவிடாதீர்கள்.

அடிமையாவது என்றால் வலி இல்லாதபோதும் மனம் அதைத் தேடுவது, தனக்குக் கெடுதல் என்று தெரிந்தும் விட முடியாமல் போவது. அப்பா கேட்கப் போவது மாத்திரையை அல்ல, வலி இல்லாத இரண்டு மணி நேரத் தூக்கத்தை. சில வாரம் சாப்பிட்ட பிறகு திடீரென்று நிறுத்தினால் உடம்பு படபடக்கும், வியர்க்கும். அது உடம்பு மருந்துக்குப் பழகியதன் விளைவு. ஸ்டீராய்டையும்தான் திடீரென்று நிறுத்தக் கூடாது என்கிறோம். அதற்காக யாரும் ஸ்டீராய்டுக்கு அடிமை என்று சொல்வதில்லை.

"மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார்" என்பது அடுத்த பயம். எங்கள் ஊர்ப்பக்கம் பரவலாக இருக்கும் பயம்தான். அது எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். கடைசி இரண்டு நாள் வரை தள்ளிப்போட்டு, மூச்சுத் திணறும்போது முதல் மாத்திரையைக் கொடுக்கிறோம். மறுநாள் அவர் இறந்துவிடுகிறார். பார்த்தவர்கள் மாத்திரை மேல் பழி போடுகிறார்கள். குறைந்த அளவில் ஆரம்பித்துப் படிப்படியாகக் கூட்டினால் இந்த மருந்து ஆயுளைக் குறைப்பதில்லை. அடங்காத வலிதான் தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுத்து ஆளைக் கரைக்கும்.

லண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸ், அப்புறம் சமூகப் பணியாளர், அதன்பிறகு மருத்துவம் படித்தவர். வலி வந்து கத்திய பிறகு மருந்து கொடுப்பதை மாற்றி, வலி வருவதற்கு முன்பே கடிகாரம் பார்த்து வாய் வழியாகக் கொடுக்க வேண்டும் என்று நிலைநாட்டியவர்களில் முக்கியமானவர் அவர். உலக சுகாதார நிறுவனம் 1986இல் வெளியிட்ட வழிமுறையும் அதையேதான் சொன்னது. நீங்கள் செய்துவருவது இதற்குத் தலைகீழ். தாங்க முடியாமல் போகும் வரை காத்திருந்து கொடுக்கிறீர்கள். அதற்குள் வலி மலை உச்சிக்கு ஏறிவிடும், அதை இறக்கக் கூடுதல் மருந்து வேண்டியிருக்கும். சாதாரண மார்ஃபின் மாத்திரை சுமார் நான்கு மணி நேரம் வேலை செய்யும். அதனால்தான் காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6, இரவு 10 என்று நேரம் போடுகிறோம். இரவு பத்து மணிக்குச் சில டாக்டர்கள் இரட்டை அளவு எழுதுவார்கள், நடுச்சாமத்தில் எழுப்பாமல் இருக்கத்தான். இரண்டு மணிக்குத் தலையணையோடு உட்காரும் மனிதருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முதல் இரண்டு மூன்று நாள் தூக்கக் கலக்கம் இருக்கும், குமட்டல் வரலாம். அதைப் பார்த்து "அண்ணன் சொன்னது சரிதான்" என்று நிறுத்திவிடாதீர்கள், பெரும்பாலும் தானாகச் சரியாகும். மலச்சிக்கல் மட்டும் தானாகச் சரியாகாது. மார்ஃபின் ஆரம்பிக்கும் அன்றே மலமிளக்கியும் ஆரம்பிக்க வேண்டும். இசப்கோல் இதற்கு உதவாது. தண்ணீர் குறைவாகக் குடிப்பவருக்கு அது குடலில் கெட்டியாகிவிடும். எழுப்பினாலும் எழாத அளவுக்கு மயக்கம், மூச்சு மிகவும் மெதுவாவது, கை கால் திடுக் திடுக்கென்று வெட்டி இழுப்பது, இல்லாத ஆட்களைப் பார்த்துப் பேசுவது, இவற்றில் எது வந்தாலும் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். அட்டை பூட்டிய இடத்திலேயே இருக்கட்டும், பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது. மீதமானால் கொடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியின் மூட்டு வலிக்கு ஒன்றைக்கூடக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, கணையத்துக்குப் பின்னால் இருக்கும் நரம்புக் கொத்தில் ஊசி போட்டு வலியைத் தடுக்கும் முறை ஒன்று உண்டு. சீலியாக் பிளாக் என்போம். அப்பாவின் வகை வலிக்கு அது நன்றாகக் கேட்கும், மாத்திரை அளவும் குறையலாம். அவர் இப்போது இருக்கும் நிலையில் தாங்குமா என்று டாக்டரைக் கேளுங்கள். இதைப் பற்றி நீங்கள் பார்த்த எந்த வீடியோவும் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. அதனால் சொல்கிறேன்.

அம்மாவின் குளுக்கோஸ் பாட்டில்

அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். கல்யாணமான நாளிலிருந்து சோறு போட்டே அன்பைக் காட்டியவரிடம் "சாப்பாடு வேண்டாம்" என்றால் அவர் எங்கே போவார்? ஆனால் உண்மையை மெதுவாகச் சொல்லுங்கள். நாம் கொடுக்காததால் அப்பா மெலியவில்லை. இந்த நோய், உள்ளே போகும் சாப்பாட்டை உடம்பு பயன்படுத்திக்கொள்ள விடாது. நோய் முற்றும்போது பசியே அடங்கிவிடும். நமக்குப் பட்டினி என்றால் வயிறு கிள்ளும், அவருக்கு அப்படி இருக்காது.

அரை லிட்டர் குளுக்கோஸ் பாட்டிலில் பொதுவாக இருப்பது 25 கிராம் சர்க்கரை. ஐந்தாறு டீஸ்பூன். இரண்டு இட்லி அளவுக்குத்தான் சத்து. அதற்காக வற்றிப்போன கையில் நரம்பு தேடி நான்கு இடத்தில் குத்த வேண்டியிருக்கும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்து நீர் வற்றினால் டிரிப் உதவும், அதை மறுக்க மாட்டேன். ஆனால் கடைசி நாட்களில் ஏற்றும் தண்ணீரைச் சிறுநீரகம் சரியாக வெளியேற்றாது. அது காலில் வீக்கமாகவும், நெஞ்சில் சளியாகவும் தங்கும்.

அம்மாவுக்கு ஒரு வேலை கொடுங்கள். அவருக்கு அது தேவை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சுத்தமான துணியை நனைத்து அப்பாவின் வாயைத் துடைப்பது, உதட்டில் தேங்காய் எண்ணெய் தடவுவது, அவர் கேட்கும்போது இரண்டு ஸ்பூன் கஞ்சியோ, ஒரு துண்டு ஐஸ்கட்டியோ, தலையை நிமிர்த்தி வைத்துக் கொடுப்பது. மறுத்தால் விட்டுவிடுவது. கடைசியில் வாயில் பால் ஊற்றும் வழக்கம் உங்கள் ஊரில் இருக்கும். அதைத் தடுக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் விழுங்கத் தெரியாத நிலையில் டம்ளரால் ஊற்றினால் பால் மூச்சுக் குழாய்க்குள் போய்த் திணறும். பஞ்சைப் பாலில் நனைத்து உதட்டில் ஒற்றினால் போதும் என்று சொந்தக்காரர்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள். அன்றைக்குக் கூட்டத்தில் உங்கள் பேச்சு எடுபடாது.

அப்பாவுக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்கள்

கடிதத்தின் நடுவே ஒரு செய்தியைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். போன வாரம் அப்பா உங்களைக் கூப்பிட்டு, கடையில் யார் யார் எவ்வளவு பாக்கி என்று எழுதி வைத்திருந்த கடன் நோட்டை எடுத்து வரச் சொன்னார். நீங்கள் "அதெல்லாம் உடம்பு தேறட்டும்பா, அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டீர்கள்.

சகோதரி, குடல் புண் வந்தவர் கடன் நோட்டைக் கேட்பதில்லை.

அவருக்குத் தெரிந்திருக்கலாம். உங்களுக்குத் தெரியும் என்பதும் தெரிந்திருக்கலாம். நீங்கள் வருத்தப்படக் கூடாதென்று அவரும், அவர் உடைந்துவிடக் கூடாதென்று நீங்களும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு பக்கம் தனியாக அழுதுகொண்டிருக்கிறீர்கள். "சொல்லிவிட்டால் மனசு விட்டுப் போய்ச் சீக்கிரம் இறந்துவிடுவார்" என்பது நம் வீடுகளில் அசையாத நம்பிக்கை. என் அனுபவத்தில் சொன்ன பிறகு பலர் அழுதார்கள், சிலர் இரண்டு நாள் பேசவில்லை. அதன்பிறகு தூங்கினார்கள்.

போட்டு உடைக்கச் சொல்லவில்லை. அவர் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பதை அவரே காட்டட்டும். "டாக்டர் சொன்னதுல உங்களுக்கு என்னப்பா தோணுது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அந்த மௌனம் நீண்டாலும் நீங்கள் நிரப்பாதீர்கள். "நான் பிழைக்க மாட்டேனா?" என்று அவர் கேட்டால், "அந்த வியாதியைக் குணமாக்க முடியலப்பா. ஆனா உங்களுக்கு வலிக்காம பார்த்துக்குறோம், நான் பக்கத்துலயே இருக்கேன்" என்று சொல்லலாம். "எனக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம், நீயே பார்த்துக்க" என்றால் அதுவும் அவர் உரிமை.

வலிக்கு உடம்பு மட்டும் காரணமில்லை, மனக்கவலை, குடும்பக் கவலை, சாமி கைவிட்டதோ என்ற கேள்வி எல்லாம் சேர்ந்துதான் ஒரு மனிதரின் முழு வலி என்று சாண்டர்ஸ் சொன்னார். ஊரில் வசூலாகாத பாக்கியும், யாருக்கோ தான் தர வேண்டிய பாக்கியும் அப்பாவின் வயிற்றில்தான் உட்கார்ந்திருக்கின்றன. அதற்கு மார்ஃபின் கேட்காது.

ஹாஸ்பிஸ், வீடு, அமெரிக்க வீடியோ

அண்ணன் அனுப்பும் ஹாஸ்பிஸ் வீடியோக்கள் நல்லவைதான். பயத்தைக் குறைக்கின்றன. ஆனால் அந்த ஏற்பாடு 1980களிலிருந்து அங்கே அரசுக் காப்பீட்டில் வருகிறது. நோய் அதன் போக்கில் போனால் ஆறு மாதம்தான் இருப்பார் என்று இரண்டு டாக்டர்கள் எழுதிக் கொடுத்தால், நர்ஸ், மருந்து, கட்டில் எல்லாம் வீட்டுக்கு வரும். ஃபிரிட்ஜில் அவசர மருந்துப் பெட்டிகூட வைத்துவிட்டுப் போவார்கள். அதைப் பார்த்துவிட்டு "நமக்கு ஒன்றுமே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியல்ல.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 முதல் நடக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கு வருவது மட்டும்தான் பலருக்குத் தெரியும். வலியையும் அவதியையும் குறைத்துப் பார்த்துக்கொள்ளும் 'நோய் ஆதரவு' (பாலியேட்டிவ்) சேவையும் அதில் உண்டு. படுக்கையில் இருப்பவரை நர்ஸ் வீட்டுக்கு வந்து பார்க்கலாம். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில், "நோய் ஆதரவு நர்ஸ் எப்போது எங்கள் ஊருக்கு வருவார்?" என்று அந்த வார்த்தையைச் சொல்லியே கேட்டு, அப்பாவின் பெயரைப் பதியுங்கள். 104க்குப் போன் செய்தும் விசாரிக்கலாம். எல்லா ஊரிலும் ஒரே மாதிரி நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். விடாமல் கேட்பவர்களுக்குக் கிடைக்கிறது, அவ்வளவுதான். மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் இந்தப் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள்.

உள்ளே வைத்துப் பார்க்கும் ஹாஸ்பிஸ்களும் நம் நாட்டில் உண்டு. மும்பையில் சாந்தி அவேத்னா சதன் 1986இல் தொடங்கியது, சென்னையில் ஜீவோதயா இருக்கிறது. அங்கே சேர்ப்பது கைவிடுவது ஆகாது. வலி அடங்கும் வரை ஒரு வாரம் வைத்திருந்து திரும்ப வீட்டுக்கு அழைத்து வருபவர்களும் உண்டு. வீட்டில் தூக்கிப் புரட்ட ஆளில்லாமல், புண் வைத்து, பராமரிப்பவர் இடுப்பொடிந்து கிடக்கும் நிலையில் "ஊர் என்ன சொல்லும்" என்று யோசிப்பதுதான் நோயாளிக்குக் கொடுமை. உங்கள் வீட்டில் நீங்களும் அம்மாவும் இருக்கிறீர்கள், அப்பா வீட்டில் இருக்கத்தான் விரும்புவார் என்று தோன்றுகிறது. அவரையே கேளுங்கள்.

பாஸ்டனில் நுரையீரல் புற்றுநோய் முற்றியவர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2010இல் வெளிவந்தது. ஆரம்பத்திலிருந்தே நோய் ஆதரவு சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்கள் மன அமைதியோடு இருந்தார்கள், கடைசிக் கட்டத்தில் கடுமையான சிகிச்சைகளைக் குறைவாகவே எடுத்தார்கள். அப்படியும் மற்றவர்களைவிடச் சராசரியாக இரண்டு மாதத்துக்கும் மேல் கூடுதலாக வாழ்ந்தார்கள். இளம் டாக்டராக இருந்தபோது நானும் "இனி செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று ஒரு குடும்பத்திடம் சொல்லியிருக்கிறேன். அந்த அம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. செய்வதற்கு நிறைய இருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது

பெரியப்பா சொன்னதற்கு முதலில் பதில். இளநீர் கொடுத்துத் தலைக்கு எண்ணெய் தேய்த்து ஊற்றுவதைக் காலங்காலமாகச் செய்ததாகச் சொல்வார்கள். அது கொலைக் குற்றம். செய்பவர், உடனிருப்பவர், ஏற்பாடு செய்பவர் எல்லோருக்கும் பொறுப்பு உண்டு. பெரியப்பா கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. தம்பி துடிப்பதைப் பார்க்க முடியாமல் சொல்லியிருப்பார். மார்ஃபின் ஆரம்பித்து மூன்று நாள் கழித்து அவரை வரச் சொல்லுங்கள். தம்பி படுத்துத் தூங்குவதைப் பார்த்தால் அந்தப் பேச்சை அவரே விட்டுவிடுவார்.

ஐ.சி.யூ. வேண்டாம் என்பது இதிலிருந்து முற்றிலும் வேறு. நினைவோடு இருக்கும் ஒருவர் தனக்கு எந்தச் சிகிச்சையையும் வேண்டாம் என்று மறுக்கலாம். குணமாகாத நோயின் கடைசிக் கட்டத்தில் உயிரை இழுத்துப் பிடிக்கும் கருவிகளைத் தவிர்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம், காமன் காஸ் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் 2018 மார்ச் 9 அன்று தீர்ப்பளித்தது. தன் விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைக்கவும் அனுமதித்தது. முதலில் அதற்கு மாஜிஸ்டிரேட் கையெழுத்து வேண்டும் என்றிருந்தது. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளும், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியும் போதும் என்றார்கள். அப்பா தெளிவாக இருக்கும்போது, அவருக்கு விருப்பமிருந்தால் எழுதி, தன் சார்பில் பேச உங்களைக் குறிப்பிடச் சொல்லுங்கள். வெண்டிலேட்டரில் போட்டுவிட்ட பிறகு எடுக்க வேண்டுமென்றால் இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒப்புக்கொள்ள வேண்டும், அலைச்சல். அதனால் அந்த முடிவை இப்போதே பேசிவிடுவது நல்லது.

வீட்டில் இயற்கையாக இறப்பவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கேஸ் ஆகாது. பார்த்து வந்த டாக்டரிடம் இறப்புக்கான காரணச் சான்று வாங்கி, 21 நாளுக்குள் பதிவு செய்தால் போதும். அந்த நேரத்தில் யார் வந்து பார்த்துச் சான்று தருவார் என்பதை இப்போதே பேசி வையுங்கள். எப்போதாவது ஆஸ்பத்திரியில் சேர்த்துத் திரும்ப அழைத்து வர நேர்ந்தால், "டாக்டர் சொல் கேளாமல் போகிறோம்" என்ற தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெறுங்கையோடு வராதீர்கள். வலி மருந்தும் வீட்டுப் பராமரிப்புக் குறிப்பும் எழுதிய டிஸ்சார்ஜ் கேளுங்கள்.

அந்த மூச்சு வீடியோ

பத்துத் தடவை பார்த்தீர்கள். இனி வேண்டாம். அதில் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான். தூக்கம் கூடும், கை கால் சில்லிடும், முழங்காலில் ஊதா நிறத் திட்டுகள் வரும், மூச்சு நின்று நின்று வரும். தொண்டையில் களகளவென்று ஒரு சத்தம் வரும். விழுங்க முடியாத எச்சில் அங்கே தங்குவதால் வருவது அது. கேட்பவருக்குத்தான் திகில், அந்த நேரத்தில் அவருக்கு அது பெரும்பாலும் தெரியாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், அதைக் குறைக்க மருந்தும் உண்டு. குழாய் விட்டு உறிஞ்சச் சொல்லாதீர்கள். மூச்சு வாங்கினால் ஜன்னலைத் திறந்து, சின்ன ஃபேனை முகத்துக்கு நேராக வையுங்கள். அவர் கண் திறக்காவிட்டாலும் பேசுங்கள், காது கேட்கக்கூடும்.

வீடியோ பார்ப்பதில் தப்பில்லை. பேசுபவர் டாக்டரா, நர்ஸா, எந்த நாட்டில் இருந்து பேசுகிறார், கடைசியில் எதையாவது விற்கிறாரா என்று மட்டும் பாருங்கள். கஷாயத்தில் கணையப் புற்றுநோய் கரைந்தது என்பவர்களை உடனே மூடிவிடுங்கள். போனை இன்னொரு வேலைக்கும் பயன்படுத்தலாம். அப்பாவிடம் கேட்டுவிட்டு, அவர் வலியில் உட்காரும் விதத்தையோ, மூச்சு வாங்குவதையோ அரை நிமிஷம் படம் எடுத்து நர்ஸுக்கு அனுப்புங்கள். "ரொம்ப வலிக்குதாம்" என்று போனில் சொல்வதைவிட எனக்கு அது ஆயிரம் மடங்கு உதவும்.

வலியை அளக்க நான் நோயாளிகளிடம் "ஒரு ரூபாய்க்கு எத்தனை பைசா வலி?" என்று கேட்பேன். நாற்பது வருடம் கணக்கெழுதிய மனிதருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் போன் செய்து, அளவு கேட்டு, முதல் மாத்திரையைக் கொடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து எத்தனை பைசா குறைந்தது என்று கேளுங்கள். அவர் தலையணையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாரென்றால், கண்ணாடியையும் பேனாவையும் அந்தக் கடன் நோட்டையும் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். புதுப் பக்கம் ஒன்றில் மாத்திரை நேரத்தையும் வலிக் கணக்கையும் அவரே எழுதட்டும். பழைய பக்கங்களை அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள்.